சாலை தாண்டிய வீடும் அம்மாவின் லைசென்ஸும்

டிசம்பர் 4, புதன்கிழமை மத்தியானம்

அன்பு மகள் கென்ட்ராவுக்கு, அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா, நான், நூற்றுப் பன்னிரண்டு மாடுகள், எல்லோரும் சுகம். முக்கால்வாசி சுகம் என்று வைத்துக்கொள், மீதிக் கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே ஒஹாயோவில் நீயும் நேரத்துக்குத் தூங்கி, ஆஸ்பத்திரி மெஷினில் காசு போட்டு எடுக்கிற சிப்ஸ் பாக்கெட்டைச் சாப்பாடு என்று நினைக்காமல், உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். என்னடா இது, மாட்டுக்கு மருந்து வாங்கின ரசீதைத் தவிர வேறெதிலும் கையெழுத்துக்கூடப் போடாத அப்பா இரண்டு பக்கத்தில் மடல் எழுதுகிறாரே, யாராவது செத்துவிட்டார்களா என்று பதறாதே. யாரும் சாகவில்லை. போனில் சொல்கிறேன் என்றுதான் நான் சொன்னேன், உன் அம்மா விடவில்லை. போன்ல பேசினா நீ பாதியை முழுங்கிடுவ டெல்மர், மீதிப் பாதிக்கு ஜோக் அடிப்ப, உன் கையால எழுது, எழுதித் தபால்ல போடு என்றாள். நாளைக் காலை ஏழு மணிக்கு நான் அவள் கையில் மாட்டப் போகிறேன், அதனால் இன்றைக்கு அவள் பேச்சுக்கு மறுபேச்சு பேசுகிற தைரியம் எனக்கு இல்லை. அது என்ன ஏழு மணி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போன மாதம் ஆரம்பத்தில் நீ அம்மாவுக்கு ஒரு கேள்வி அனுப்பினாய். மே மாதம் படிப்பு முடிகிறது, மயக்க மருந்து நர்ஸ் லைசென்ஸுக்கு எந்த மாநிலத்தில் போடட்டும், ஒஹாயோவிலேயே இருந்தால் டாக்டர் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்கவேண்டும் என்கிறார்கள், நம் நெப்ராஸ்காவில் உன்னை மாதிரித் தனியாகச் செய்யலாம், நீ என்ன சொல்கிறாய் என்று. மூன்று தடவை கேட்டும் பதில் வரவில்லை என்று உனக்குக் கோபம் இருந்திருக்கும். நன்றி சொல்லும் திருநாளன்று நீ கூப்பிட்டபோதும் அம்மா வான்கோழி வெந்ததா வேகவில்லையா என்பதைப் பற்றியே இருபது நிமிஷம் பேசிவிட்டு எல்லாம் நல்லா இருக்கு கண்ணு என்று வைத்துவிட்டாள். உண்மை என்னவென்றால், நீ கேட்ட அந்த வாரத்திலிருந்து நேற்று மத்தியானம் வரை உன் அம்மாவிடமே லைசென்ஸ் கிடையாது. முப்பத்தோரு வருஷமாக இந்தக் கவுண்டியில் பாதிப் பேரைத் தூங்கவைத்து, தூங்கினவர்களை எல்லாம் ஒருவர் பாக்கியில்லாமல் எழுப்பியும் விட்ட உன் அம்மா, ஒரு மாத்திரையைக்கூட அடுத்தவர் கையில் கொடுக்க உரிமை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு உனக்குப் பதில் எழுதுவாள், அழிப்பாள், திரும்ப எழுதுவாள். என்னடி எழுதுற என்று கேட்டதற்கு, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவளுக்கு நான் லைசென்ஸ் பத்திச் சொல்றது என்றாள். எல்லாம் யாரால் என்று கேட்பாய். உன் அப்பாவால்தான்.

ஆகஸ்டில் வீட்டைச் சாலைக்கு அந்தப் பக்கம் நகர்த்தினோமே, ஞாபகம் இருக்கும், படம்கூட அனுப்பினேன், நீ சிரிக்கிற பொம்மை அனுப்பினாய். கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போய் குழாயைத் திறந்தால் துரு நாற்றம், வடக்குப் பக்க நிலத்தில் நல்ல கிணறு சும்மா கிடக்கிறது, வீடோ தொழிற்சாலையில் செய்து சக்கரத்தில் வந்து இறங்கின வீடு, இரண்டு டிராக்டர் கட்டி இழுத்தால் ஒரு நாள் வேலை என்று கணக்குப் போட்டேன். அது இரண்டு துண்டாகக் கழற்றி மூன்று நாள் ஆனது, குளியலறைக் கண்ணாடி உடைந்தது, வாசல் படிக்கட்டைத் தனியாகத் தூக்குகிறேன் பார் என்று வீரம் காட்டினதில் என் அடிவயிற்றில் ஏதோ பிதுங்கி வெளியே எட்டிப் பார்த்தது. அதைப் பற்றி அப்போது யாரிடமும் மூச்சு விடவில்லை, பெல்ட்டை இரண்டு துளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், சாலைக்குத் தெற்கே நெப்ராஸ்கா, வடக்கே தெற்கு டகோட்டா. இருநூறு அடி நகர்ந்ததில் நாங்கள் மாநிலம் மாறிவிட்டோம். அங்கே மாநில வருமான வரி கிடையாது, வண்டி நம்பர் பலகையும் மலிவு என்று கேட்டதும் உன் அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. அம்மாவுக்குச் சம்பளம் தருகிற ஆஸ்பத்திரி நெப்ராஸ்காவில் இருக்கிற வரைக்கும் அந்த வரி எங்கேயும் போய்விடாது என்பது பிறகுதான் தெரிந்தது, அதை விடு. மறு வாரமே அம்மாவை ஏற்றிக்கொண்டு வடக்கே போய் இரண்டு பேருக்கும் புது டிரைவர் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். அன்றைக்கு அவள் இருபது மணி நேரம் டியூட்டி பார்த்துவிட்டு வந்திருந்தாள், ஊரையெல்லாம் தூங்கவைக்கிறவள் வண்டியிலேயே வாயைப் பிளந்து தூங்கினாள், நான் எழுப்பி, படத்துக்கு நில்லு, இங்க கையெழுத்துப் போடு என்றேன், போட்டாள், திரும்பத் தூங்கினாள். தபால் பெட்டி மட்டும் தெற்குப் பக்கமே இருந்தது, தபால்காரர் சாலையைத் தாண்ட மாட்டேன் என்றார். அதனால் வருகிற கடிதமெல்லாம் பழைய விலாசத்துக்கே வந்தது, மாநிலம் மாறினது அவள் மண்டையில் ஏறவே இல்லை, எனக்கும்தான்.

நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை ஜானெல் க்ரூபர் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி ஆபீஸில் எல்லோருடைய காகிதங்களையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சரிபார்க்கிறவள், உன் தடுப்பூசிப் பதிவெல்லாம் தொலைந்தபோது தேடிக் கொடுத்தாளே, அவளேதான். மார்லிஸ், டிரைவர் லைசென்ஸ் நகல்ல தெற்கு டகோட்டான்னு போட்டிருக்கே, நீங்க எப்பம்மா குடிபோனீங்க என்று கேட்டிருக்கிறாள். உன் அம்மா அடுப்பங்கரையில் நின்றபடி ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். உனக்கு இது பாடத்தில் வந்திருக்கும், எனக்கு அன்றைக்குத்தான் பாடம். அம்மாவிடம் இரண்டு காகிதம், அடியில் நர்ஸ் காகிதம், அதன் மேல் மயக்க மருந்துக் காகிதம். அடிக்காகிதம் பல மாநிலங்களுக்குச் செல்லும், ஆனால் குடியிருக்கிற மாநிலம்தான் அதைத் தரவேண்டும், குடி மாறினால் அறுபது நாளுக்குள் புது மாநிலத்தில் மனுப் போடவேண்டும். மேல்காகிதம் அடிக்காகிதத்தின் மேல்தான் நிற்கும். நாங்கள் குடிபோய் எண்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. ஆடு மேய்கிற வேலியைக்கூட அரசாங்கத்தைக் கேட்காமல் தாண்டக்கூடாது போலிருக்கிறது என்று நான் வாய் தவறிச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. அன்று மத்தியானமே ஆஸ்பத்திரி அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. மயக்க மருந்து கொடுக்க வேறு ஆள் இல்லை, அதனால் ஆபரேஷன் அறையையும் பூட்டிவிட்டார்கள், ஏஜென்சியிலிருந்து ஒரு ஆள் வருகிறவரை அறுவை என்று வந்தால் எல்லோரும் தொண்ணூற்று நாலு மைல் போகவேண்டியதுதான்.

இதோடு விட்டாளா உன் அம்மா. அறுபதாவது நாளுக்கும் அந்தச் செவ்வாய்க்கும் நடுவே எத்தனை பேருக்கு மயக்கம் கொடுத்தாள் என்று எண்ணினாள். பதினொரு பேர். ஜானெல்லே மெதுவாகச் சொன்னாள், யாரும் கேக்கப் போறதில்ல மார்லிஸ், தேதியைத் தோண்ட வேண்டாம் என்று. இவள் உட்கார்ந்து நர்ஸிங் போர்டுக்குத் தானே கடிதம் எழுதினாள், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என் காகிதம் சரியில்லாமல் வேலை பார்த்தேன், பதினொரு பேர், என்ன நடவடிக்கை என்றாலும் சரி என்று. பொண்டாட்டி புத்திசாலின்னு தெரியும், இவ்வளவு பைத்தியம்னு தெரியாது என்றேன். யோவ் டெல்மர், தூங்குற ஆளால என் காகிதத்தைப் பார்க்க முடியாது, அதனாலதான் அது சரியா இருக்கணும் என்றாள். அது போதாதென்று புது மாநிலத்து மனுவுக்குக் கைரேகை வேண்டும் என்றார்கள். ஷெரிஃப் ஆபீஸில் மை தடவி உருட்டினார்கள், பத்து விரலிலும் ஒன்றுமே விழவில்லை, வழுவழுவென்று கறைதான் விழுந்தது. முப்பத்தோரு வருஷம் சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்ததில் ரேகை எல்லாம் போய்விட்டதாம். முதல் அட்டை திரும்பி வந்தது. டெபுடி சிரித்துக்கொண்டு, நீங்க பேங்க்கைக் கொள்ளையடிச்சா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது மேடம், நாலு நாள் கையில தண்ணி படாம எண்ணெய் தடவிட்டு வாங்க என்றார். உன் அம்மாவை நாலு நாள் கை கழுவாமல் வைத்திருப்பதைவிடக் காளைக்குச் சட்டை போடுவது சுலபம். நான்தான் பாத்திரம் தேய்த்தேன், துணி துவைத்தேன், அவள் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வாணலி அடியில இன்னும் பிசுக்கு இருக்கு என்று மட்டும் சொல்வாள். முதல் மூன்று நாளில் அவள் என்னிடம் பேசினது மொத்தம் அதுதான்.

அந்த நாலு நாளின் கடைசி நாள்தான் ப்ரீனா லுட்கேயின் விஷயம் நடந்தது. கோடி லுட்கேயின் மனைவி, நம் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள், நீ ஊரில் இருந்தபோது கோடி கல்யாணமே ஆகாமல் உன் பின்னால் சுற்றினான், அதைக் கிளறவில்லை. அவளுக்கு முதல் குழந்தை அறுவை செய்து பிறந்தது, இதற்கும் அறுவைதான், நம் ஆஸ்பத்திரியிலேயே தேதி குறித்து உன் அம்மாதான் மயக்கம் கொடுப்பதாக இருந்தது. அது போச்சு. ஏஜென்சி ஆள் திங்கட்கிழமை வருகிறார் என்று எல்லோரும் காத்திருக்கும்போது ஞாயிறு மத்தியானம் அவளுக்கு வலி எடுத்துவிட்டது, குறித்ததற்குப் பத்து நாள் முன்னால், அதுவும் முதல் பனி கொட்டுகிற அன்றைக்கு. ஹெலிகாப்டர் பறக்காது என்றார்கள். ஆம்புலன்ஸ் ஓட்ட அன்றைய முறை யாருக்கு, உனக்குத் தெரியும் நம் ஊரில் எல்லாம் தொண்டுக்காரர்கள்தான், உன் அப்பாவுக்கு. பேஜர் அடித்ததும் நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினேன், திரும்பிப் பார்த்தால் உன் அம்மா கோட்டு மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் டீனா பின்னால் ஏறி, டிரிப்பெல்லாம் அவள் பொறுப்பு என்று ஆனது. கோடி கன்றுகளை விற்க வேறு ஊருக்குப் போயிருந்தான். ஆஸ்பத்திரி உள்ளே கட்டிலில் கிடந்த ப்ரீனா உன் அம்மாவைப் பார்த்ததும், நீங்க வந்துட்டீங்களா, இங்கயே செஞ்சிருங்க மார்லிஸ் அக்கா, என்னால அவ்வளவு தூரம் முடியாது, பழைய தையல் கிழியிற மாதிரி இருக்கு என்று அழுதாள். எட்டடி தூரத்தில் ஆபரேஷன் அறைக் கதவு. டாக்டரும் அன்றைக்கு ஊரில் இருந்தார், அவரும் உன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சரி என்றால் நான் கதவை உடைத்தே திறந்திருப்பேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா, என்கிட்ட காகிதம் இல்ல ப்ரீனா, ஏதாவது தப்பாப் போனா இந்த ஊருக்கு இனி எப்பவும் மயக்க நர்ஸ் இருக்கமாட்டா, ஆனா நான் கூட வரேன், பக்கத்து வீட்டுக்காரியா வரேன் என்றாள்.

தொண்ணூற்று நாலு மைல், மணிக்கு நாற்பதுக்கு மேல் போக முடியவில்லை, இரண்டரை மணி நேரம். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான சாலையை நான் ஓட்டினதில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தால் உன் அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வேறு எதையும் தொடவில்லை, டிரிப் குழாய் மடங்கினபோதுகூட டீனாவிடம் பார் என்று கண்ணைக் காட்டினாளே தவிரத் தானாகக் கையை நீட்டவில்லை. ஆனால் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் ஜெபம் செய்கிறாள் என்று நினைத்தேன், எத்தனையோ வருஷமாகத் தேவாலயத்தில் தூங்குகிறவள் திருந்திவிட்டாள் என்றுகூட நினைத்தேன். டீனா பிறகு சொன்னாள், அது ஜெபம் இல்லை. மருந்துப் பெயரையும் அளவையும் சொல்லிக்கொண்டு வந்தாளாம். முதுகில் இந்த ஊசி, இவ்வளவு, ரத்த அழுத்தம் இறங்கினால் இது, இவ்வளவு, குழந்தை வெளியே வந்ததும் இது, முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. செய்ய முடியாத வேலையை வாயாலேயே தொண்ணூற்று நாலு மைலும் செய்துகொண்டு வந்தாள். குழந்தை பிழைத்தது, பெண், ஏழு பவுண்டு, ப்ரீனாவும் நலம், போய் இறங்கி இருபத்தைந்து நிமிஷத்தில் அறுவை முடித்துவிட்டார்கள், தையல் பிரிய ஆரம்பித்திருந்தது, இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் என்று அந்த ஊர் டாக்டர் ஆரம்பித்தார், உன் அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். திரும்பி வரும்போது முன் இருக்கையில் உட்கார்ந்து அவள் அழுதாள், சத்தமே இல்லாமல், கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு. கென்ட்ரா, நான் ஆயிரம் தப்பு செய்திருக்கிறேன், எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளியிருக்கிறேன், அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. மலிவு நம்பர் பலகைக்கு ஆசைப்பட்டு ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பனியில் இழுத்துக்கொண்டு போனேன். நான் மன்னிப்புக் கேட்டேன். ரோட்டைப் பாத்து ஓட்டு என்றாள்.

நேற்று ஜானெல் கூப்பிட்டாள். இரண்டாவது கைரேகை அட்டை தேறிவிட்டது, புது நர்ஸ் லைசென்ஸ் வந்துவிட்டது, மயக்க மருந்துக் காகிதமும் சரி, போர்டிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, இனிமேல் கவனமாக இரு என்று, அவ்வளவுதான், தண்டனை இல்லை. அம்மா அந்தக் கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டாள், பக்கத்தில் என் புது டிரைவர் லைசென்ஸ் நகலையும் ஒட்டியிருக்கிறாள், நான் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்கவேண்டும் என்று. ஏஜென்சி ஆள் இன்று போய்விட்டார். பெரிய ஊரிலிருந்து மாதம் இரண்டு தடவை வருகிற அறுவை டாக்டர் ஃபெல்ட்ஹவுஸ் நாளைக்கு வருகிறார், முதல் கேஸ் யார் தெரியுமா, உன் அப்பா, படிக்கட்டு தூக்கினதில் பிதுங்கின குடலிறக்கம். ஆம்புலன்ஸில் ஸ்டிரெச்சர் தூக்கும்போது டீனா பார்த்துவிட்டு அம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள். நான் பெரிய ஊருக்கே போய் வேறு யாரிடமாவது செய்துகொள்கிறேன், கட்டினவனுக்கே மயக்கம் கொடுப்பது உனக்கும் கஷ்டம் என்றேன். டாக்டரும் யோசித்தார். உன் அம்மா சொன்னாள், உன்னால ப்ரீனா தொண்ணூத்து நாலு மைல் போனா, நீ போகக்கூடாது, நீ இங்கயே படு என்று. நேற்றுச் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஃபாரத்தை வைத்துக்கொண்டு எல்லா நோயாளியிடமும் கேட்பதையே என்னிடமும் கேட்டாள், ஆடுகிற பல் உண்டா, ஒவ்வாத மருந்து உண்டா, குறட்டை விடுவீங்களா. முப்பத்தைந்து வருஷமாகப் பக்கத்தில் படுப்பவள் குறட்டை விடுவீங்களா என்று முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்கிறாள். சில நேரம் என்றேன். தினமும் என்று எழுதிக்கொண்டாள்.

பயமா என்று கேட்டால், ஆமாம் கண்ணு, பயமாகத்தான் இருக்கிறது. கத்திக்கு இல்லை. அவளுக்கு இன்னும் என் மேல் கோபம் தீரவில்லை என்பதற்குத்தான். ஆனால் ஒன்று, அவள் கையில் என்றால் நான் கண்ணை மூடுவேன். வேறு யார் என்றாலும் ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருப்பேன். நீ அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு, உனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே என்று எழுத வந்தேன், பிறகுதான் அவளே சொல்லி எழுதுகிற கடிதம் இது என்று ஞாபகம் வந்தது, பார் என் புத்தியை. நீ எந்த மாநிலத்தில் லைசென்ஸ் போட்டாலும் போடு, வீட்டை மட்டும் நகர்த்தாதே. குளிருக்கு நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள், கார் பேட்டரியைப் பார், சிப்ஸைக் குறை. கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும், உன் கையால் தூங்குகிற எல்லோரும் நல்லபடியாக எழுந்திருக்கட்டும்.

உன் அசட்டு அப்பா,
டெல்மர் கோட்ரபா

வியாழன் சாயங்காலம். கென்ட்ரா, அம்மா எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் படித்தேன். தையல் பிரிந்ததைப் பற்றி அவர் எழுதியிருப்பது உண்மை. நான் அழுததாக எழுதியிருப்பதும் உண்மைதான், அந்த வரியை அடித்து அழிக்கவில்லை. அறுவை நல்லபடியாக முடிந்தது, இப்போது பக்கத்து அறையில் ஜெல்லி கேட்டுக் கத்திக்கொண்டிருக்கிறார். நீ கேட்ட கேள்விக்கு நான்தான் பதில் சொல்லவேண்டும், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, எல்லா மாநிலத்துச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம், நான் எங்கே தவறினேன் என்பதையும் சேர்த்து. காலையில் மேஜையில் படுத்ததும் உன் அப்பா ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. என் கையைப் பிடித்தார். மருந்து உள்ளே போகிற நேரத்தில் எனக்கு இரண்டு கையும் வேண்டும், நீயும் அறிவாய். வேறு எந்த நோயாளியாக இருந்தாலும் விடுங்கள் என்று சொல்லிவிடுவேன். அவர் பிடி தானாகத் தளர்கிற வரைக்கும் ஒரு கையாலேயே சமாளித்தேன்.

அம்மா